‘ஏன்’ என்று எழுதி வைத்த குழு

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஓர் அலுவலகத்தில், சாப்பாட்டு அறையை ஒட்டிய சுவர் முழுக்க ஒரு வெள்ளைப் பலகை. அதில் சில பெட்டிகள், பெட்டிகளை இணைக்கும் அம்புக்குறிகள், ஓர் அம்புக்குறியின் மேல் மட்டும் பெரிய பெருக்கல் குறி. மூலையில் சிவப்பு மையில் ‘அழிக்க வேண்டாம்’. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபோது பலகை அங்கேயே தங்கிவிட்டது. அதன் பொருள் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் போய்விட்டார்கள்.

குழுவின் மூத்த பொறியாளர் அரூர்க்காரர். ரயில்கள் நிற்பதற்குச் சற்று முன்பே மொரப்பூரில் இறங்கி வீடு வந்து சேர்ந்திருந்தார். மற்றவர்கள் ஒசூரிலும் பரமக்குடியிலும் விழுப்புரத்திலும் இருந்தார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் அவருக்கு சிக்னல் நன்றாகக் கிடைத்தது. கரண்ட் போனால் கைபேசி இணையத்தில் வேலை. அந்த மாடியில் உட்கார்ந்துதான் ஒரு விஷயம் தனக்குப் பிடிபட்டது என்று இப்போது சொல்கிறார்: மென்பொருளின் கட்டமைப்பு குறித்து எடுத்த முடிவுகளை அதுவரை அந்தக் குழு யாருக்கும் சொல்லவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்ததால் எல்லாருக்கும் அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் செய்த மென்பொருள் பால் சேகரிப்பு நிலையங்களுக்கானது. காலையும் மாலையும் ஊர்க்காரர்கள் பால் கொண்டுவந்து ஊற்றுவார்கள். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) மூன்றையும் நிலையத்தில் இருப்பவர் கைபேசியில் பதிவார். அதை வைத்துத்தான் பட்டுவாடா. இந்த நிலையங்கள் இருக்கும் இடங்களை அரூர்க்காரருக்கு நன்றாகத் தெரியும். சித்தேரி மலைப் பக்கமும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் சிக்னல் இல்லாத மூலைகளில் சுற்றி வளர்ந்தவர் அவர். அதனால் பதிவு முதலில் கைபேசியிலேயே தங்க வேண்டும், சிக்னல் கிடைக்கும்போது சர்வருக்குப் போக வேண்டும் என்பதில் ஆரம்பத்திலேயே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் அடுத்த கட்டத்தில். ஒரே பதிவை நிலையத்துக் கைபேசியும் திருத்தலாம், குளிரூட்டும் மையத்தில் உள்ள கணினியும் திருத்தலாம். ஒன்று செய்தது மற்றதற்குத் தெரியாது. எது கடைசியாக வந்து சேர்கிறதோ அதையே வைத்துக்கொள்வது சுலபமான வழி. பலகையில் பெருக்கல் குறி போட்டிருந்தது அந்த வழிக்குத்தான். அதை விட்டுவிட்டு, எழுதிய பதிவை யாரும் மாற்றக் கூடாது, தவறு இருந்தால் பழையதை ரத்து செய்து ஒரு வரியும் சரியான அளவோடு இன்னொரு வரியும் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டு எடுத்த முடிவு அது.

ஊரடங்கு நடுவில் ஒரு புதிய பையன் வேலைக்குச் சேர்ந்தான். அலுவலகத்தையே பார்க்காதவன். மடிக்கணினி கூரியரில் வந்தது. நிரலைப் படித்தால் ஒருவர் ஒரு வேளை ஊற்றிய பாலுக்கு மூன்று வரிகள். அறிக்கை தயாரிக்கும் நிரல் அந்த மூன்றையும் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. இது யாரோ அவசரத்தில் செய்த வேலை என்று நினைத்து, ஒரே வரியிலேயே திருத்தும்படி அவன் மாற்றினான். சுத்தமான நிரல், சோதனைகள் எல்லாம் பாஸ். பரிசீலித்தவரும் அந்த மதியச் சண்டையில் இல்லாதவர். மாற்றம் வெளியே போய்விட்டது.

ஒரு நிலையத்தில் காலைப் பாலின் கொழுப்பு 3.9 என்று தவறாகப் பதிவானது. மதியம் குளிரூட்டும் மையத்தில் அதை 4.3 என்று திருத்தினார்கள். மாலையில் சிக்னல் கிடைத்ததும் நிலையத்துக் கைபேசி தன்னிடம் இருந்த 3.9-ஐத் திரும்ப அனுப்பியது. திருத்தம் சத்தமில்லாமல் அழிந்தது. கண்டுபிடித்தவர் பால் ஊற்றும் ஓர் அம்மா. கோடு போட்ட நோட்டில் தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு என்று பென்சிலால் தினமும் எழுதி வைத்திருந்தார். பட்டுவாடா நாளில் கணக்கு இடித்தது. நோட்டைக் கொண்டுபோய் நிலையத்தில் விரித்துவிட்டார். பெரிய தொகை இல்லை. ஆனால் ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு அது பிள்ளைகளின் ரீசார்ஜ், மளிகைக் கடை பாக்கி.

அழைப்பில் முதலில் எழுந்த கேள்வி, “யார் இதை மாத்துனது?” என்பது. அரூர்க்காரர் வேறு கேள்வி கேட்டார். “இது ஏன் இப்படி இருக்குன்னு அந்தத் தம்பி எங்க போய்ப் படிச்சிருக்கணும்? யாராவது எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்க.” எல்லாரும் தேடினார்கள். நிரலின் வரலாற்றில் ‘சின்க் சரிசெய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரி. அரட்டைக் குழுவில் ஒரு கட்டைவிரல் குறி. மீதி எல்லாம் பூட்டிய அலுவலகத்தின் சுவரில்.

மென்பொருள் துறையில் இந்த வியாதிக்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1996 ஜூன் 4-ஆம் தேதி பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து புறப்பட்ட ஆரியான் 5 ராக்கெட், முதல் பயணத்திலேயே சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. கூடவே நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும். ஆரியான் 4-க்காக எழுதிய நிரலைப் புதிய ராக்கெட்டில் அப்படியே எடுத்துவைத்திருந்தார்கள். அதில் ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்கும் வேலை இருந்தது. ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்புப் போட்டு, மூன்றை அப்படியே விட்டிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒரு காரணம். அந்த மூன்றும் எல்லை மீறாது என்ற கணிப்பு இன்னொன்று. ஆரியான் 4-இன் பாதைக்கு அந்தக் கணிப்பு சரி. ஆரியான் 5-இன் கிடைமட்ட வேகம் மிக அதிகம். விட்டுவைத்த மூன்றில் ஒன்று நிரம்பி வழிந்தது.

ஜாக் லூயி லியான்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை கொடுத்தது. அரூர்க்காரர் அதைத் தன் குழுவில் எல்லாரையும் படிக்க வைத்தார். அவர் காட்ட நினைத்தது எண் வழிந்த கதையை அல்ல. அந்த முடிவு திருட்டுத்தனமாக எடுத்தது அல்ல, பல நிறுவனங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டது என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் அதற்கான நியாயம் நிரலில் எங்கும் இல்லை. ஆவணக் குவியலுக்குள் அது புதைந்துபோய், வெளியிலிருந்து பரிசீலித்தவர்கள் கண்ணில் படவே இல்லை. ஆவணம் இருந்தும் செய்தி போய்ச் சேரவில்லை. தங்கள் குழுவில் ஆவணமே இல்லை என்பதை நினைத்தபோது அவருக்கு வயிற்றைக் கலக்கியது.

அப்போதுதான் மைக்கேல் நைகார்டு 2011 நவம்பரில் முன்வைத்த முறையைக் கையில் எடுத்தார்கள். உலகம் முழுக்கப் பல குழுக்கள் பின்பற்றும் எளிய முறை அது. ஒரு முடிவுக்கு ஒரு கோப்பு, ஒன்றிரண்டு பக்கத்துக்குள். சூழல், முடிவு, நிலை, விளைவுகள் என்று சில தலைப்புகள். நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே கோப்பும் இருக்க வேண்டும். காரணம் தெரியாத ஒரு முடிவைச் சந்திக்கும் புதியவருக்கு இரண்டே வழிகள் என்று நைகார்டு சொல்லியிருந்தார்: கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்வது, அல்லது கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது. அந்தப் பையன் இரண்டாவதைச் செய்திருந்தான். முதலாவதைச் செய்கிறவர்களால் வரும் சேதம் வெளியே தெரிவதில்லை. அதனாலேயே அது இன்னும் மோசம் என்பது அரூர்க்காரரின் கருத்து.

முதல் கோப்பைப் பலகையில் பெருக்கல் குறி போட்ட அந்த விஷயத்துக்கே எழுதினார்கள். சூழல் என்ற தலைப்பின் கீழ் தொழில்நுட்ப விளக்கம் எதுவும் இல்லை. ஒரே பதிவைத் திருத்தக்கூடியவர்கள் இரண்டு இடங்களில் இருக்கிறார்கள், இருவருக்கும் நடுவில் பல மணி நேரம் தொடர்பு இல்லாமல் போகலாம், கொழுப்பு அளவில் சிறு வித்தியாசமும் பணம். இவ்வளவுதான். முடிவு இரண்டு வரி. நைகார்டின் பட்டியலில் தனித் தலைப்பாக இல்லாத ஒன்றை அவர்கள் சேர்த்தார்கள்: விட்டுவிட்ட வழிகளும் விட்ட காரணங்களும். 3.9, 4.3 கதை முழுவதும் அங்கே ஏறியது. விளைவுகள் பகுதியில் தங்கள் முடிவின் குறைகளை மறைக்காமல் எழுதினார்கள். அட்டவணை வேகமாகப் பெருகும், அறிக்கைகள் மெதுவாகும், புதிதாகப் படிப்பவருக்குக் குழப்பமாக இருக்கும். நிரலில் அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் கோப்பின் எண்ணை ஒரு வரிக் குறிப்பாகப் போட்டார்கள். ஆரியான் அறிக்கை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த நேரடிப் பாடம் அந்த ஒரு வரி.

குறைகளை எழுதுவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருந்தது. நம் முடிவை நாமே குறை சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். இதில் அரூர்க்காரர் விட்டுக்கொடுக்கவே இல்லை. நன்மைகளை மட்டும் அடுக்கினால் அது விளம்பரம். படிக்கிறவன் நம்ப மாட்டான். குறையைப் பார்த்ததும் தானே கண்டுபிடித்ததாக நினைத்துச் ‘சரிசெய்ய’க் கிளம்புவான். இந்தக் குறையை நாங்களும் பார்த்தோம், தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம் என்று எழுதியிருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பான்.

பழைய கோப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி சீக்கிரமே வந்தது. முடிவு மாறினால் கோப்பையும் திருத்திவிடலாமே என்றார்கள். அரூர்க்காரர் வீட்டுக்கு வந்துபோகும் ஒரு பத்திர எழுத்தர் உண்டு, குடும்ப நண்பர். சொத்துப் பத்திரங்கள் எழுதியே முடி நரைத்தவர். ஒரு கிரயப் பத்திரத்தில், விற்பவருக்கு அந்த நிலம் எந்த ஆண்டு, எந்த எண் பத்திரப்படி வந்தது என்று சொல்லாமல் அவர் எழுதமாட்டார். தாய்ப்பத்திரம் இல்லாத சொத்தை வாங்காதே என்பார். சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டால்கூடப் பழைய பத்திரத்தில் கை வைக்க முடியாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று பதிய வேண்டும். அதில் பழைய பத்திரத்தின் எண் இருக்கும், என்ன தப்பு, எது சரி என்பதும் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் வில்லங்கச் சான்றில் வரும். அரூர்க்காரர் இதைக் குழுவுக்கு விளக்கியபோது, வீட்டில் நிலத் தகராறைப் பார்த்து வளர்ந்த பாதிப் பேருக்கு மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஏற்ற கோப்பை யாரும் திருத்தக் கூடாது. மாற்ற வேண்டுமானால் புதிய கோப்பு, அதில் பழையதன் எண், எந்தக் காரணம் மாறியது என்ற விளக்கம். பழையதன் நிலை மட்டும் ‘மாற்றப்பட்டது’ ஆகும்.

கோப்பு எழுதியதோடு வேலை முடியவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நார் 1985-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. நிரல் என்பது எழுத்தில் இருப்பது மட்டுமல்ல, அதை உருவாக்கியவர்களின் மனத்தில் இருக்கும் புரிதல்தான் உண்மையான நிரல், அந்தக் குழு கலைந்தால் நிரல் செத்துப்போகிறது என்பது அவர் வாதம். எழுத்தால் மட்டும் அந்தப் புரிதலைக் கைமாற்ற முடியும் என்று அவர் நம்பவில்லை. தெரிந்தவரோடு கூட இருந்து வேலை செய்தால்தான் வரும் என்றார். கூட இருக்கவே முடியாத 2020-இல் இதைப் படிப்பது அரூர்க்காரருக்குச் சங்கடமாக இருந்தது.

அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்கள். வாரம் ஒருமுறை ஒரு கோப்பை எடுப்பார்கள். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் அதைத் தன் சொற்களில் சொல்ல வேண்டும். எங்கே திணறுகிறாரோ அங்கே எழுத்தில் ஓட்டை. முதல் சில வாரங்கள் மயான அமைதி. அழைப்புகள் ஆங்கிலத்தில் நடந்தன. தர்மபுரி, சேலம் பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து வந்த பிள்ளைகள் “ஓகே சார்” தவிர வேறு பேசவில்லை. அழைப்பு முடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தனியாகப் போன் செய்தாள். “அண்ணா, ஒரு டவுட். ரத்து வரி போய்ச் சேர்ந்து, சரியான வரி போகறதுக்குள்ள சிக்னல் போயிட்டா, அந்த வேளைக்கு அவங்களுக்குப் பால் கணக்கே இல்லாமப் போயிடுமே?” அருமையான கேள்வி. மூத்தவர்கள் யாரும் யோசிக்காதது. “இதை ஏம்மா அங்க கேக்கல?” “இங்கிலீஷ்ல கோர்வையா வரலைண்ணா.”

அடுத்த வாரத்திலிருந்து அந்த அரை மணி நேரம் தமிழில் நடந்தது. சித்தூர்க்காரர் ஒருவருக்காக நடுநடுவே தெலுங்கும் வந்தது. கோப்புகள் ஆங்கிலத்திலேயே இருந்தன, ஆனால் சின்ன வாக்கியங்களில். பேச்சு அவரவருக்கு வரும் மொழியில். அந்தப் பெண்ணின் கேள்வியால் இரண்டு வரிகளும் ஒரே கட்டாகத்தான் போக வேண்டும் என்று நிரல் மாறியது. கட்டமைப்பைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் மௌனமாக இருப்பவர்களைப் புரிந்துகொண்டவர்களாகக் கணக்கில் எடுக்கும் பழக்கத்தை நம் நிறுவனங்கள் விட்டாக வேண்டும் என்று சொல்லும்போது அரூர்க்காரரின் குரல் உயர்கிறது. அதில் நியாயம் இருக்கிறது.

படங்களிலும் ஒழுங்கு வந்தது. ஒரே படத்தில் பால் நிலையமும் சர்வரும் நிரலின் உள்ளுறுப்பும் கலந்து கிடந்ததை, சைமன் பிரவுன் வகுத்த சி4 முறைப்படி அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். முதல் படத்தை நிலையத்தில் இருப்பவரிடம் காட்டினாலும் அவருக்குப் புரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

காரணம் போய்ச் சேராத முடிவு எத்தனை காலம் உறுத்தும் என்பதற்குத் தமிழ் கணினி வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. அதையும் அந்தக் குழு நேரில் சந்தித்தது. உறுப்பினர் பட்டியலைப் பெயர் வரிசைப்படி போட்டால் பவானிக்கு முன்னே பழனி வந்தார், மாலாவுக்கு முன்னே மாறன் வந்தார். நிலையத்துக்காரர்கள் தேடித் தேடி அலுத்துப்போனார்கள். பிழை எங்கே என்று தோண்டினால் 1980-களுக்குப் போக வேண்டியிருந்தது. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை என்று வகுத்தது இஸ்கி என்ற குறியீட்டு முறை. ஒரு மொழியின் எழுத்தை இன்னொரு மொழிக்கு எளிதாக மாற்றலாம் என்பது அதன் பயன். அதற்காக ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ள-வுக்கு அடுத்து ழ, அதற்கும் பிறகு வ. 1988-ஆம் ஆண்டு இஸ்கியின் அமைப்பை ஒட்டியே 1991-இல் யூனிகோடின் முதல் பதிப்பு தமிழுக்கு இடம் கொடுத்தது.

அந்த எண் வரிசை எழுத்துகளுக்கான முகவரிதான், அகராதி வரிசைக்குத் தனி விதிகள் உண்டு. இந்தச் சிறு விஷயம் பயன்படுத்துகிறவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. சிங்கப்பூரில் 1997-இலும் சென்னையில் 1999 பிப்ரவரியிலும் மாநாடுகள் நடந்தன, தனித்தனிக் குறியீட்டு முறைகள் பிறந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடோடு டேஸ் 16 என்ற குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தது. இந்த விவாதங்களில் வேறு வலுவான வாதங்களும் இருந்தன, எல்லாம் வரிசைச் சிக்கல் அல்ல. ஆனாலும் எந்தக் காரணத்துக்காக எதை விட்டுக்கொடுத்தோம் என்று தமிழில் நான்கு பக்கம் அன்றே எழுதிப் பரப்பியிருந்தால் பாதி மனக்கசப்பு குறைந்திருக்கும் என்று அரூர்க்காரர் நினைக்கிறார். குழு தன் பங்குக்கு ஐ.சி.யூ. என்ற யூனிகோடு நிரல் நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்துவது என்று முடிவெடுத்து, இந்த வரலாற்றையும் கோப்பில் சேர்த்தது. பழனியும் பவானியும் தங்கள் இடத்துக்குப் போனார்கள்.

முடிவு எடுக்கும் உரிமை யாருக்கு என்பதும் மெல்ல மாறியது. 2021-இல் ஆண்ட்ரூ ஹார்மெல்-லா எழுதிய ஆலோசனை முறையைப் படித்தார்கள். குழுவில் யார் வேண்டுமானாலும் கட்டமைப்பு முடிவு எடுக்கலாம். ஆனால் அதனால் பாதிக்கப்படுகிறவர்களிடமும், அதில் அனுபவம் உள்ளவர்களிடமும் முன்னதாகக் கேட்டே தீர வேண்டும். பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்று பட்டியல் போட்டபோதுதான் உதவி எண்ணில் பேசும் அக்காவின் பெயர் முதன்முறையாக வந்தது. ஒரு கைபேசிக்கு ஒரு ஆள் என்று வைத்துத் திட்டமிட்ட ஒரு மாற்றத்தைப் பார்த்து, “காலையில அண்ணன் பதியறாரு, சாயங்காலம் தம்பி பதியறாரு, போன் ஒண்ணுதான். யார் தப்பா போட்டதுன்னு நாளைக்கு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டார். திட்டம் அன்றே மாறியது. அந்த அக்கா நிரல் எழுதத் தெரிந்தவர் அல்ல. கோப்பின் கீழே ஆலோசனை சொன்னவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

ஊரடங்கு முடிந்து அலுவலகம் திறந்த பின்னும் அரூர்க்காரர் மாதத்தில் பாதி நாள் ஊரில்தான். ஒரு மாலை கச்சேரிமேட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையனிடமிருந்து போன். இப்போது அவன் குழுவில் முக்கியமான ஆள்.

“அண்ணா, நீங்க எழுதின முதல் கோப்பை மாத்தலாம்னு இருக்கேன்.”

“எந்தக் காரணம் மாறிச்சு?”

“பட்டுவாடா முடிஞ்ச பதிவை இனி யாரும் திருத்தக் கூடாதுன்னு வாடிக்கையாளரே விதி போட்டுட்டாங்க. அப்போ முடிஞ்ச கணக்கோட ரத்து வரியெல்லாம் எதுக்கு? ஒரே வரியா சுருக்கி, பழசைக் காப்பகத்துக்கு அனுப்பிடலாம். நடப்புக் கணக்குக்கு உங்க முறையே இருக்கட்டும்.”

“தகராறு வந்தா?”

“காப்பகத்துல தேடலாம்ணா. ஆனா உதவி எண் அக்கா இன்னும் பதில் சொல்லல.”

அக்காவின் பதில் வரும்வரை கோப்பின் நிலை ‘முன்மொழிவு’ என்றே இருந்தது. ஊர்த் திருவிழா, கல்யாணம் என்று பட்டுவாடாவை வாங்காமல் விட்டு, அடுத்த முறை வந்து கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் முடிந்தவுடன் சுருக்கக் கூடாது, அடுத்த பட்டுவாடாவும் முடியட்டும் என்றார் அவர். பையன் அந்த நிபந்தனையைக் காரணத்தோடு சேர்த்து எழுதி, நிலையை ‘ஏற்கப்பட்டது’ என்று மாற்றினான். முதல் கோப்பின் தலையில் ‘ஒரு பகுதி மாற்றப்பட்டது’ என்ற குறிப்பும் புதிய கோப்பின் எண்ணும் ஏறின.